பெயரில்லாத மூவாயிரத்து எண்ணூற்றாறு பதிவுகள்

இராஜகுமாரியின் பிறப்புப் பதிவில் அவளுடைய பெயர் இல்லை. 1979ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண் குழந்தை பிறந்தது, தகப்பன் ஆண்டியப்பன், தாய் மீனம்மா என்பதோடு அந்தப் பதிவு நின்றுவிடுகிறது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள்.

தோட்டங்களில் இது புதிதல்ல. பிள்ளை பிறந்ததும் தோட்டத்திலிருந்து விபரம் பதிவுக் காரியாலயத்துக்கு வந்துவிடும். பெயர் வைப்பது அதற்குப் பிறகு. வைத்த பெயரைப் பதிவில் சேர்க்க வேண்டுமானால் பெற்றவர்கள் ஒரு நாள் வேலையை விட்டு டவுனுக்கு வந்து மனுக் கொடுக்க வேண்டும். அநேகர் வரவில்லை. பிள்ளையின் பெயர் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கும், பிறகு தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் இருக்கும், பதிவேட்டில் மட்டும் இராது. இராஜகுமாரியும் பள்ளிச் சான்றிதழையும் ஒரு சத்தியக்கடதாசியையும் வைத்துக்கொண்டுதான் அடையாள அட்டை எடுத்திருந்தாள்.

அவளுடைய தகப்பன் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். தாய் மலையில் கொழுந்தெடுத்தவர். தோட்டத்து வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயத்தில் மூன்றாவது காம்பராவில் வளர்ந்தவள் உயர்தரம் படித்துத் தேறி, ஹட்டனில் கணினி வகுப்புக்குப் போய், 2004 மார்ச் 15ஆம் திகதி திங்கட்கிழமை எங்கள் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள். ஆறு மாத ஒப்பந்தம். பிறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆறாவது மாதம் ஒரு பரிசோதனை நடக்கும். தேடும் பெயர்கள் கணினியில் கிடைத்தால் திட்டமும் அவளும் நிரந்தரம். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

நான் அப்போது அந்தப் பிரிவில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே இருபத்திரண்டு வருடங்கள் முடித்திருந்தேன்.

கணினி வந்த அன்று அலுவலக உதவியாளர் செல்லசாமி அதன் மேல் சந்தனப் பொட்டு வைத்தார்.

"தங்கச்சி, தேங்கா உடைக்காம இந்தப் பொட்டியத் தொறக்காத. அப்புறம் எல்லாப் பேரும் சிங்களத்துல வந்துரும்."

"தேங்கா உடைச்சா தமிழ்ல வருமாண்ணே?"

"யாரு கண்டா? சுண்டல் வச்சா இங்கிலீசுலயும் வரும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் மேசைக்கு எதிரே, அதுவரை என்னைத் தேடி வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியில், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் நான் எழுதுவது முழுமையான பதிவாகாது.

நாற்பத்தாறு பதிவேடுகள், பதினாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீதம் ஏற்றினாள். மின்சாரம் நின்றால் மறுநாள் நூற்றைம்பது. நான் இடையிடையே ஒத்துப் பார்த்தேன். பிழை தேடித்தான் பார்த்தேன். முதல் இரண்டு மாதங்களில் மூன்று பிழைகள்தான் கிடைத்தன. அவற்றில் ஒன்று பதிவேட்டிலேயே இருந்த பிழை.

மூன்றாம் மாதம் ஒரு காலை அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, என்னையே காணோமுங்க."

"என்ன பிள்ளை?"

"எழுபத்தொன்பது ஏத்தி முடிச்சுட்டேன். ஆசைக்கு எம்பேரத் தேடுனேன். இல்லீங்க. அப்பா பேரு இருக்கு, அம்மா இருக்காங்க. நான்தான் இன்னும் பொறக்கல."

அன்று முழுவதும் அவள் எண்ணினாள். அதுவரை ஏற்றியவற்றில் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் பெயரில்லாதவை. கடைசியில் அது மூவாயிரத்து எண்ணூற்றாறு ஆயிற்று. பெயரால் தேடும் கணினிக்கு அவர்கள் எல்லோரும் பிறக்காதவர்கள்.

மாலை வீட்டுக்குப் புறப்படுமுன் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஆளுங்க வந்து பேரச் சொன்னதும் நீங்க மூணு நிமிசத்துல பொஸ்தகத்த எடுத்துர்றீங்க. பேரே இல்லாத பதிவ எப்படீங்க தேடுறீங்க?"

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒன்பது நீலக் கொப்பிகள் இருந்தன. பதிவு கேட்டுக் கருமபீடத்துக்கு வருகிறவர்கள் தங்கள் தோட்டம், டிவிசன், லயம், காம்பரா, வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளிக்கூடத்துப் பெயர் என்று சொல்வதையெல்லாம் 1983 முதல் நான் அவற்றில் எழுதி, பதிவு இலக்கத்தை எதிரே குறித்து வந்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். நாலாம் கொப்பி அறுபத்தோராம் பக்கத்தில் இராஜகுமாரியும் இருந்தாள். அவளுடைய தமக்கைக்காரிக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வந்தபோது ஆண்டியப்பன் சொல்லிவிட்டுப் போன விபரம்.

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"அனுபவம், பிள்ளை," என்றேன். "அது மெசினுக்கு வராது."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு, "சரிங்க ஐயா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயங்கள் பல. கொப்பிகள் என்னுடையவை. தாளும் மையும் அரசாங்கத்துடையவை அல்ல. கேட்டவர் எழுத்தில் கேட்கவில்லை. உண்மையான காரணம் ஒன்றுதான். கொப்பிகளைக் கொடுத்துவிட்டால் கருமபீடத்தில் நிற்பவர்கள் என்னைத் தேட மாட்டார்கள்.

பரிசோதனை செப்டெம்பர் 8ஆம் திகதி புதன்கிழமை காலை நடந்தது. மேலிடத்திலிருந்து ஒரு சிங்கள உத்தியோகத்தர் வந்திருந்தார். தோட்டங்களிலிருந்து பத்துப் பேரை வரச் சொல்லியிருந்தார்கள். எட்டுப் பேராவது கிடைக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பெயரைச் சொன்னார்கள். அவள் தட்டினாள். நாலு பேர் கிடைத்தார்கள். ஆறு பேருக்கு "பதிவு இல்லை" என்று வந்தது. அழகுமுத்து என்ற கிழவர் மட்டும் திரையை எட்டிப் பார்த்து, "நல்லாப் பாரு தாயி, இங்கனதான் இருப்பேன்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பெயர் பதியாத பதிவுகளைப் பற்றி அவள் உத்தியோகத்தருக்குச் சிங்களத்தில் விளக்க முயன்றாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பி, உங்களால் முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். கொப்பிகளை எடுத்து மேசை மேல் வைத்திருக்கலாம். நான் இழுப்பறையை அரைவாசி திறந்து, கொப்பியை மடியில் வைத்துப் பார்த்து, எழுந்து போய்ப் பதிவேடுகளை எடுத்து வந்தேன். ஆறு பேரையும் பத்தொன்பது நிமிடத்தில் காட்டினேன். அழகுமுத்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உத்தியோகத்தர் என் தோளைத் தட்டி, இங்கே கணினி இவர்தான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் கை தட்டவில்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பணிக் கோவையில் உத்தியோகத்தர் எழுதினார்: "தேடல் பயனளிக்கவில்லை. பணியாளரின் திறமை போதாது." கீழே பிரிவு லிகிதர் ஒப்பமிடும் இடத்தில் நான் பெயரும் திகதியும் தெளிவாக எழுதி ஒப்பமிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையோடு அவள் ஒப்பந்தம் முடிந்தது. செல்லசாமி கணினியை ஒரு பழைய மேசைவிரிப்பால் மூடினார்.

2006 ஜனவரியில் நான் ஓய்வு பெற்று ஹட்டனில் மகள் வீட்டுக்குப் போனேன். கொப்பிகளையும் எடுத்துப் போனேன்.

2008 ஜூன் மாதம், ஹட்டன் பஸ் நிலையத்தில் செல்லசாமியைக் கண்டேன்.

"ஐயா, சொகமா? பொட்டிய மறுபடி தொறந்துட்டாங்க. புது ஏ.ஜி.ஏ. அம்மா வந்திருக்காங்கல்ல. ஆள் கேட்டு வெளம்பரம் போட்டாங்க. நம்ம பூண்டுலோயாப் புள்ளயும் மனுப் போட்டிருக்கு."

"கிடைக்குமோ?"

"எங்கிட்டுக் கெடைக்க? பைல்ல பழைய எழுத்து நிக்குதே. ஆனா புள்ள லேசுப்பட்டதில்லீங்க. இந்த நாலு வருசமா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை தோட்டந்தோட்டமா ஏறியிருக்கு. புள்ளக்காம்பராப் பொஸ்தகத்தப் பாத்துப் பாத்து அந்தப் பேருல முக்காவாசியக் கண்டுபிடிச்சிருச்சாம்."

தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அங்கே பிள்ளையைச் சேர்த்த நாளையும் வீட்டுப் பெயரையும் தாயின் பெயரையும் ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். பதிவேடுகளோடு இருபத்துநாலு வருடம் இருந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

"நேர்முகம் எண்டைக்கு?" என்று கேட்டேன்.

"இருபத்தி மூணாந் திகதிங்க."

ஜூன் 14ஆம் திகதி சனிக்கிழமை ஒன்பது கொப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தலவாக்கலை வழியாகப் பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினேன். டவுனில் ஒரு ஃபோட்டோ கொப்பிக் கடையில் அவள் வேலை செய்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க ஐயா. தேத்தண்ணி சொல்லட்டுங்களா?"

நான் பையைத் திறந்து கொப்பிகளைக் கவுண்டர் மேல் அடுக்கினேன். நாலாவதை எடுத்து அறுபத்தோராம் பக்கத்தை விரித்து அவள் பக்கம் திருப்பினேன். ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, வீட்டில் ராஜாத்தி, பள்ளியில் இராஜகுமாரி. அவள் விரல் வைத்து வாசித்தாள்.

"அப்பா சொன்னதுங்களா?"

"ஓம். எண்பத்தொன்பதாம் ஆண்டு."

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். பிறகு, "இதெல்லாம் எங்க ஆளுங்க சொன்னதுதானேங்க ஐயா," என்றாள்.

தாளும் மையும் என்னுடையவை என்ற நியாயம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"பரிசோதனையண்டு என்ர மடியில இருந்ததை நீர் கண்டனீர், என்ன?"

"கண்டேங்க."

"அந்தத் துரையிட்டச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கடைக்கு ஆள் வந்தது. அவள் எழுந்து போய் ஒரு அடையாள அட்டையை நான்கு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் இன்னும் தொள்ளாயிரத்து ஆறு பெயர்கள் கிடைக்காமல் இருந்தன. கடை பூட்டும்வரை இருவரும் ஒத்துப் பார்த்தோம். மீதியை அவள் அடுத்த கிழமை பார்த்தாள். என் கொப்பிகளில் அறுநூற்றுப் பதினொரு பெயர்கள் கிடைத்தன.

புறப்படும்போது, செல்லசாமி ஏ.ஜி.ஏ. என்று சொன்ன புதிய பிரதேச செயலாளருக்குத் திங்கட்கிழமை கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னேன்.

"எதுக்குங்க ஐயா? பென்சன்ல கை வச்சிரப் போறாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

16ஆம் திகதி கடிதத்தை நேரில் கொடுத்தேன். தேடல் தவறியது பணியாளரின் திறமைக் குறைவால் அல்ல, அவர் கேட்டும் நான் விபரங்களை மறைத்ததால் என்று எழுதியிருந்தேன். பிரதேச செயலாளர் இரண்டு முறை வாசித்தார். நாலு வருடம் கழித்து ஏன் என்று கேட்டார். அவர் கோவையை எடுத்து, பழைய வரியின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கடிதத்தின் திகதியைக் குறித்தார். பதிவுகளில் பிழையைச் சுரண்டி அழிப்பதில்லை. கோட்டுக்குக் கீழே அந்த வரியும் என் ஒப்பமும் இன்றும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன.

ஓகஸ்ட் முதலாம் திகதி இராஜகுமாரி நிரந்தரமாக நியமிக்கப்பட்டாள். இப்போது லயத்தைச் சொன்னாலும் வீட்டுப் பெயரைச் சொன்னாலும் கணினி ஆளைக் காட்டுகிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவள் ஒரு கட்டம் வைத்திருக்கிறாள். அறுநூற்றுப் பதினொன்றில் "தோட்ட மக்கள் சொன்னது, எழுதியவர் முத்துலிங்கம்" என்று என் பெயரோடு இருக்கிறது. சரியான பதிவு. அதில் திருத்த ஒன்றுமில்லை.

இருநூற்றுத் தொண்ணூற்றைந்து பெயர்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவை கிடைத்தாலும் கிடைக்கலாம். நான் தேடுவது வேறொரு எண். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கொப்பிகள் என் மகள் வீட்டு அலுமாரியில் இருந்த இரண்டரை வருடத்தில், பதிவு கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? காரியாலயத்தில் அதற்குப் பதிவேடு கிடையாது. செல்லசாமியிடம் கேட்டேன்.

"எண்ணலீங்களே ஐயா," என்றார். "மழையில கூட வந்தாங்க."