உப்புக்காரர் வீட்டுப் பத்தியம்

என் அக்காவின் கணவரை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் உப்புக்காரர் என்பார்கள். எலியின் மூளையிலிருந்து ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியை எடுத்து மெல்லிசாகச் சீவி, உயிர் போகாமல் ஒரு கிண்ணத்தில் உப்புக் கரைசலில் வைத்திருப்பார்கள். அந்தக் கரைசலைக் கலப்பது இவர் வேலை. தராசுக்கு முன்னால் நின்றுவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்.

அந்தச் சீவலில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கடத்தினால் கருவியின் திரையில் ஓடும் கோடு துள்ளும். கரைசலில் பொட்டாசியத்தைச் சற்றுக் கூட்டினால் துள்ளல் உயரும். இன்னும் கூட்டினால் அணுக்களெல்லாம் வெறிபிடித்ததுபோல் ஒன்றாகத் துடிக்கும். அதற்கும் மேலே போனால் ஒன்றுமே இருக்காது. "கோடு படுத்துடுச்சு" என்று சொல்லிவிட்டு மாமா அடுத்த சீவலுக்குப் போவார்.

அக்காவுக்கு வலிப்பு நோய். விழுந்து எழும்போதெல்லாம் ஏதாவது மறந்துபோகும். ஒருமுறை மாமாவையே யார் என்று கேட்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார். திரையில் பார்த்த துடிப்பும் அவள் துடிப்பும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் பொட்டாசியத்துக்கே தடை போட்டார். வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு எதுவும் உள்ளே வரக்கூடாது. காய்களை வேகவைத்து, பொட்டாசியம் கரைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைப்பார். அக்கா தட்டில் விழுவது வெறும் சக்கை.

"என்ன கூத்து மாமா இது? அக்கா துரும்பா இளைச்சிட்டா."

"உனக்கு என்ன தெரியும்? நான் தினமும் கண்ணால பாக்கிறேன்."

கொஞ்ச நாள் வலிப்பு வராமல் இருந்தது. கேட்க வேண்டுமா, மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அக்காவுக்கு வயிற்றுப்போக்கு. நான் கொண்டுபோன பழச்சாற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் தண்ணீர் கொடுத்தார். அவளால் காலைத் தூக்க முடியாமல் போனதும் நான்தான் சண்டை போட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வயித்துப்போக்குல இருந்த பொட்டாசியமும் போய் அடிமட்டத்துல இருக்கு. இதயம் தடுமாறுது. யார் இந்தப் பத்தியம் போட்டது?" என்று கேட்டார் மருத்துவர். மாமா தன் ஆய்வுக்கூடக் கதையைச் சொன்னார்.

"ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு வேலி இருக்குங்க. சாப்பிடுறது அப்படியே அங்க போய்ச் சேராது. உங்க கிண்ணத்துல அந்த வேலி கிடையாது."

பொட்டாசியம் கலந்த பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். மாமா அதன்மேல் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "ரொம்பப் பசிக்கும்டா. சொன்னா அவர் பயந்துடுவார்னு சொல்லல. இப்பவாவது ஒரு வாழைப்பழம் சாப்பிடலாமான்னு அவரைக் கேளு."

அப்போதும் அவரைத்தான் கேட்கச் சொன்னாள். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. கேட்டேன். தலையாட்டினார். கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது படுக்கையைச் சுற்றிக் கூட்டம். மாமா மட்டும் சுவரோரம் நின்று, இதயத் துடிப்பைக் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு படுத்துடுச்சு" என்றார்.

பழத்தை அவர் கையில் திணித்துவிட்டு அக்காவிடம் போனேன்.