அவசரமும் காலியும்

ஆறாம் வகுப்பில் இலைக்குப் பழுப்பு பூசி ஓவியத்தில் தோற்றவன். மாத்தறையிலிருந்து கொழும்புக்கு வந்து, இரவல் கணினியில் படித்து, நூற்றுப் பன்னிரண்டு பேரை முந்தி வேலையைப் பிடித்தவன். மருத்துவமனைகளுக்குச் செயலி வடிவமைக்கும் நிறுவனத்தில் இருநூற்றுப் பதினான்கு நிறங்களை ஐந்து வருடம் பிழையில்லாமல் காத்தவன். இத்தனைக்கும் ருவந்தவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அது அவனுக்கும் அவன் அக்கா சோமலதாவுக்கும் மட்டுமே தெரியும்.

தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். அலுவலகத்தில் எந்த நிறத்துக்கும் நிறத்தின் பெயரைச் சூட்ட விடமாட்டான். ‘அவசரம்’, ‘காலி’, ‘கவனம்’ என்று அது செய்யும் வேலைதான் அதற்குப் பெயர். “சிவப்புன்னு பேர் வெச்சிட்டு, நாளைக்கு நீலமாக்கச் சொன்னா என்ன செய்வீங்க?” என்பான். மற்றவர்கள் அதைத் தொழில் நுணுக்கம் என்று குறித்துக்கொள்வார்கள். பட்டியலில் இல்லாத நிறத்தை யாராவது பூசிவிட்டால், “இது யார் பெத்த புள்ள? பேரில்லாம அலையுது!” என்று சத்தம் போடுவான். ‘வர்ணப் பொலிஸ்’ என்பது அவனுடைய பட்டப்பெயர்.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஆறு எழுத்தில் ஒரு நிறக்குறி இருக்கும். குறியை மாற்றி வெளியிட்டால், அந்தப் பெயர் தாங்கிய நானூறு பக்கங்களும் நொடியில் நிறம் மாறும். அதனால் வெளியிடும் முன் கணினியை அக்காவிடம் கொண்டுவருவான். ஆடைத் தொழிற்சாலையில் துணிகளின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வெள்ளைத் தாளில் சின்னச் சதுர ஓட்டை வெட்டி, தாளைத் திரைமேல் வைத்து நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

“இது கொஞ்சம் மங்கல், மல்லி” என்பாள் தம்பியிடம்.

“மங்கல்னா எவ்வளவு?”

“அரிசி கழுவின தண்ணி அளவு.”

வெளியீடுகளில் அவன் பெயர் இருக்காது. எல்லாம் குழுவின் பொதுக்கணக்கில்தான். “யார் கேட்டா நம்ம பேர?” என்பான்.

இறந்துபோன அம்மாவின் மூன்றாம் மாத தானத்துக்குச் சமைக்க அக்கா இரண்டு நாள் முன்பே ஊருக்குப் போயிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை, அவசரத்தையும் காலியையும் சற்று அடர்த்தியாக்கச் சொன்னார்கள். மாத்தறை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ருவந்த இரண்டு குறிகளையும் இடம் மாற்றிப் போட்டு வெளியிட்டுவிட்டான். வேறு யாராக இருந்தாலும் அடுத்த கணமே கண்டுபிடித்திருப்பார்கள்.

திங்களன்று செயலியைச் சோதித்துப் பார்க்க மருத்துவமனையிலிருந்து வந்த தாதி சிரித்தாள். “மூச்சுத் திணறுறவர் பச்சையில நிம்மதியா கிடக்கிறார். காலிக் கட்டில்தான் சிவப்புல துடிக்குது!”

அதிகாரி சிரிக்கவில்லை. வர்ணப் பொலிஸ் இப்படிச் செய்வான் என்று யாருக்கும் தோன்றவில்லை. குழுவில் சேர்ந்து நாற்பது நாளே ஆன பியுமியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். புதன்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். திருத்தும் வேலையை ருவந்தவிடமே கொடுத்தார்கள்.

செவ்வாய் மாலை வீட்டில் இரண்டு குறிகளையும் திருத்திவிட்டு, வெளியிடாமல் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பாணும் பருப்பும் ஆறிப்போயின.

“சொல்லாத, மல்லி” என்றாள் சோமலதா. “அவ சின்னப் புள்ள, வேற வேலை கிடைக்கும். உனக்கு இனி யார் நிறத்த நம்பிக் குடுப்பாங்க?”

“நேத்து என்கிட்ட வந்து அழுறா, அக்கே. ‘நான் எதைத் தொட்டேன்னு காட்டுங்க அண்ணே, இனிமே தொடமாட்டேன்’னு.”

சோமலதா எழுந்தாள். சதுரம் வெட்டிய தாளை எடுத்துவந்து திரையில் வைத்தாள். அவசரம் சிவப்பு. காலி பச்சை. இரண்டையும் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

ருவந்த பொதுக்கணக்கிலிருந்து வெளியே வந்தான். ஐந்து வருடம் தொடாத தன் கணக்கைத் திறந்து, வெளியீட்டுக் குறிப்பில் எழுதினான்:

“வெள்ளியன்று இரண்டையும் மாற்றிப் போட்டவன் நான். பியுமி எதையும் தொடவில்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. இந்த நிறங்களை இனி வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ருவந்த ஹேவாகே, 12 செப்டம்பர் 2023.”