சந்தனம் வைத்த கார்ட்ரிட்ஜ்

என் கணவர் ஐ.டி. கம்பெனியில் ஒரு பட்டாளத்தையே கட்டி மேய்க்கிறவர். வீட்டு பிரிண்டரில் மை தீர்ந்தால் மட்டும் டாக்டர் ஆகிவிடுவார். கையுறை, சிரிஞ்ச், விரித்துப்போட்ட செய்தித்தாள். கலர் கார்ட்ரிட்ஜின் தலையில் இருக்கும் மூன்று துளைகளில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஊசி போடுவார். "கடைக்காரனும் இதைத்தான் செய்யறான்" என்பார். கடைக்காரன் செய்தால் எங்கள் சாப்பாட்டு மேஜை நீலமாகாது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

விஜயதசமிக்கு மறுநாள் எனக்கு ஆசிரியர் வேலைக்கான தேர்வு. வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. ஹால் டிக்கெட்டில் முகம் வண்ணத்தில் தெளிவாக இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம். ஜெராக்ஸ் கடையில் எடுத்துவிடலாம் என்றேன். "வீட்டுல பிரிண்டர் எதுக்கு இருக்கு?" என்று ரோஷப்பட்டார். புதிதாக மை நிரப்பினார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கருவியைத் தொடக் கூடாதாம். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கழுவித் துடைத்த சிரிஞ்சோடு சாமி முன்னால் வைத்தார். கார்ட்ரிட்ஜின் தலையில் பொட்டும் வைத்தார்.

தசமியன்று காலை பிரிண்ட் எடுத்தால், தாளில் நான் தக்காளியாக இருந்தேன். நீலத் துளையிலும் மஞ்சள் துளையிலும் சந்தனம் காய்ந்து காற்றை அடைத்ததில் மை இறங்கவில்லை. குங்குமம் வைத்த சிவப்புத் துளை மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் இன்னும் உள்ளே போனது. நாங்கள் குடியிருக்கும் பவானிபூர் வங்காளிகள் பேட்டை; துர்கா பூஜைக்கு ஒரு கடைகூடத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு தாதாவிடம், அதாவது வங்காளி அண்ணனிடம், கேட்டேன். "பூஜோ நேரத்தில் யாராவது கடை திறப்பார்களா, பௌதி?" என்று இந்த அண்ணியைப் பரிதாபமாகப் பார்த்தார். எத்தனை வருடப் படிப்பு, ஒரு சந்தனப் பொட்டில் போகப்போகிறதே என்று புலம்பிக்கொண்டே அந்தச் சிவப்புத் தாளையே பையில் வைத்தேன்.

மறுநாள் டாக்ஸியில் வழி நெடுக அவரைத் திட்டினேன். நடுநடுவே அழுதேன். தேர்வு மையத்து வாசலில் அந்தத் தக்காளித் தாளை நீட்டினேன். காவலர் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"டிக் ஆச்சே, தீதி. சரியா இருக்கு, போங்க."

பின்னாலிருந்து என் கணவர் உற்சாகமாகக் கத்தினார்.

"பாத்தியா? கலர் அச்சு அசலா வந்திருக்கு!"

நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். பார்த்திருந்தால் இன்னும் சிவந்திருப்பேன், காவலர் மனம் மாறியிருப்பார்.