கண் படித்தது, கை படிக்கவில்லை

போன வாரம் பத்திரிகையில் என் பத்தி வரும் இந்த இடம் காலியாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லையா? பரவாயில்லை, ஒன்றிரண்டு பேராவது கவனித்தார்கள். ஒருவர் மளிகைக் கடையில் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் என்னை மடக்கி நிறுத்தியே கேட்டார் — "என்ன சார், எழுத விஷயம் தீந்துபோச்சா?"

விஷயம் தீரவில்லை. கண் தெரியவில்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை வரை ஒழுங்காக இருந்த இரண்டு கண்ணும், சாப்பிட உட்காரும்போது எரிய ஆரம்பித்தன. யாரோ கைப்பிடி மணலை அள்ளி உள்ளே போட்டு, மேலே மிளகாய்த்தூளையும் தூவியது மாதிரி. திறந்தால் குத்துகிறது. மூடினால் அறுக்கிறது. மறுநாள் காலை என் மனைவி கோமதி கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் சொட்டு மருந்து விட்டுவிட்டு, என் கண்ணைக் கட்டியபடியே கேட்டார்: "நீங்கள் வெல்டரா?"

என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்விக்குத்தான் சில மாதங்களாக நானும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர். திருச்சிப் பக்கம் பாய்லர் செய்கிற தொழிற்சாலையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் அதுதான் வேலை. மற்றவர்கள் வெல்டிங் செய்வார்கள், நான் பார்ப்பேன். வெல்டிங்கின் எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து — இங்கே ஓட்டை, இங்கே விரிசல், இங்கே சரியாக உருகவில்லை — என்று வட்டம் போடுவேன். வெல்டிங் டார்ச்சைக் கையில் பிடித்ததே இல்லை. எதற்குப் பிடிக்க வேண்டும்? சினிமா விமர்சனம் எழுதுகிறவர் டூயட் ஆடிக் காட்ட வேண்டுமா என்ன?

ஆக்லாந்து வர விண்ணப்பித்தபோது விசாவுக்குப் பாயின்ட் போட்டவர்கள் என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். வேலை கொடுக்க வேண்டியவர்கள் மட்டும், "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் உண்டா?" என்று கேட்டார்கள். அது இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் அது எங்கிருந்து வரும்? உங்களில் பாதிப் பேருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இதே கேள்வியோடு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

இங்கே ஒனிஹங்கா பகுதியில் பால் தொழிற்சாலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்க் செய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். போன் செய்து, இன்ஸ்பெக்டர் வேண்டுமா என்று கேட்டேன். ஃபோர்மேன் சியோனே என்ற டோங்கா நாட்டுக்காரர். போனிலேயே சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர் வேண்டாம். டிக் வெல்டர் வேண்டும். ஒரு டெஸ்ட் வைப்பேன், பாஸானால் வேலை. வெல்டிங் தெரியுமா?"

தெரியும் என்றேன். அது பொய்யா? ஒரு நல்ல வெல்டிங் எப்படி இருக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இந்த ஆக்லாந்தில் எத்தனை பேர்? பயிற்சிக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். ஆர்டர் எல்லாம் முடியட்டும், பிறகு கூப்பிடுகிறேன் என்றார்.

நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர் சிவநாதன். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், அதனால் எல்லாருக்கும் மாஸ்டர். இங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். டிரெய்லர் செய்து விற்கலாம் என்ற ஆசையில் பழைய வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, டிக் டார்ச்சும் மாட்டி, கராஜில் போர்த்தி வைத்திருந்தார். ஒரு டிரெய்லரும் பிறக்கவில்லை. "தாராளமாப் பாவியுங்கோ தம்பி, சும்மாதானே கிடக்குது" என்று பயன்படுத்தக் கொடுத்தார்.

டிக் வெல்டிங் என்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு கையில் டார்ச், மறு கையில் மெல்லிய கம்பி. டார்ச் நுனியில் பென்சில் மாதிரி கூராகச் சீவிய டங்ஸ்டன் ஊசி. அதிலிருந்து கிளம்பும் நெருப்பு ஸ்டீலைப் பொட்டு அளவுக்கு உருக்கும். அந்தச் சின்னக் குளத்தில் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தபடி நகர வேண்டும். காற்றுப் படாமல் ஆர்கான் வாயு சுற்றி நின்று காக்கும். ஊசி மட்டும் குளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் நிறுத்து, கழற்று, மறுபடி சீவு.

எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

நான் சீவினேன். தொட்டேன். நிறுத்தினேன். கழற்றினேன். சீவினேன். வெல்டிங் செய்ததைவிட ஊசி சீவியதுதான் அதிகம். இடது கை கம்பியை நீட்டினால் வலது கை டார்ச்சை மறந்துவிடுகிறது. வலது கையைக் கவனித்தால் கம்பி எங்கோ போய் ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் கூடி வருகிற ஒரு நொடியில், கராஜ் கதவுக்கு அடியில் ஆக்லாந்துக் காற்று புகுந்து ஆர்கானை அடித்துக்கொண்டு போகும். வெள்ளிக் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியது போல் வர வேண்டிய வெல்டிங், கருகின வடகம் மாதிரி வரும்.

மாஸ்டர் குனிந்து பார்த்துச் சொன்னார்: "தம்பி, உது ஒட்டின மாதிரித் தெரியேல்லை. பயந்து போய்ப் பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கு."

ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால், 'முதல் முயற்சிக்குப் பரவாயில்லை' என்று தட்டிக்கொடுத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பேன். எனக்குத் தெரிந்து தொலைத்ததே! ஒவ்வொரு துண்டிலும் எங்கே ஓட்டை, எங்கே விரிசல் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் பழகியும் ஒரு துண்டைக்கூட என்னால் பாஸ் செய்ய முடியவில்லை. நான் கெடுபிடியானவன் இல்லை. வெல்டிங் அப்படி.

கண் போனதும் இந்த லட்சணத்தில்தான். ஊசியால் ஸ்டீலை உரசினால்தான் மாஸ்டரின் மெஷினில் நெருப்பு வரும். அதற்கு முன்பே தலையை ஆட்டி மாஸ்க்கை இறக்கிவிட வேண்டும். ஊசி எங்கே உரசுகிறது என்று பார்க்கிற ஆசையில், ஒவ்வொரு தடவையும் நான் ஒரு கண் சிமிட்டு நேரம் தாமதம். அந்தச் சிமிட்டுகளில் கண்ணில் பட்ட வெளிச்சமெல்லாம் சேர்ந்து சனிக்கிழமை கணக்குத் தீர்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கண்கட்டோடு படுத்திருந்தேன். கூடத்தில் போன் அடித்தது. கோமதியின் அம்மா, திருச்சியிலிருந்து. கண் தெரியாதபோது காது எவ்வளவு நன்றாகக் கேட்கிறது!

"அவராம்மா? தூங்குறாரு... ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி... ஆமா, இன்ஸ்பெக்டர்தான்... ஆமாம்மா, கார் குடுத்திருக்காங்க... எனக்கா? லேப்ல அதே வேலைதான். கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லை."

லேபா? கோமதி தாவரவியலில் எம்.எஸ்ஸி. ஒனிஹங்காவில் ரெஸ்ட் ஹோம் என்கிற ஒரு முதியோர் இல்லத்தில், எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கை மாற்றுகிறாள். எங்கள் வீட்டு வாடகை அவள் முதுகுவலியிலிருந்துதான் போகிறது.

போனை வைத்துவிட்டு வந்தாள். கட்டில் ஓரம் அமுங்கியது.

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன்."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, நான் கிழவிகளுக்குக் கால் கழுவுறேன்னா? அம்மாவுக்குச் சோறு இறங்குமா?"

கண்ணில் வெல்டிங் வெளிச்சம் பட்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"திரும்பிப் போயிடலாங்க," என்றாள் கோமதி. சண்டைக்குரலில் இல்லை. கடைக்குப் போகலாம் என்பது மாதிரி. "ஒரு வருஷம் போனது போகட்டும். அங்க ஏதாவது கிடைக்கும். எனக்கு முடியலை."

ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டுப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். "டெஸ்ட் மட்டும் முடியட்டும். பாஸ் ஆகலைன்னா போயிடலாம்" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். நான் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளா, ஃபெயிலாக வேண்டும் என்றா... கண்கட்டுக்குள்ளிருந்து எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கண் திறந்தது. மாஸ்டரின் கராஜுக்குப் போனேன். கோமதியோடு போட்ட ஒப்பந்தத்தைச் சொன்னேன். அவர் வாயு சிலிண்டரின் வால்வைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"போறதெண்டால் வெள்ளெனப் போயிடுங்கோ தம்பி. உங்களுக்குப் போக ஒரு இடம் கிடக்குது. ஊரில எங்கட வீட்டில இப்ப ஆமிக்காரர் இருக்கினம். பிள்ளையள் கேட்டால் படத்தைத்தான் காட்டுறன். அதுகள் 'நைஸ் ஹவுஸ், அப்பா' எண்டுதுகள்."

ஊசியைச் சீவ ஆரம்பித்தேன்.

புதன்கிழமை. சியோனே ஆறடிக்கு மேல் உயரம், மெதுவான பேச்சு. உள்ளங்கை நீளத்துக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் துண்டுகளைக் கொடுத்து மெஷினைக் காட்டினார். கீழே ஒரு பெடல் இருந்தது. காலால் அழுத்தி நெருப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டுமாம். மாஸ்டரின் மெஷினில் அப்படி ஒன்று கிடையாது. இரண்டு கையையே சமாளிக்க முடியாதவனுக்கு இப்போது ஒரு காலும்!

அழுத்தினேன். கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி அழுத்திவிட்டேன். துண்டின் நடுவில் விரல் நுழைகிற ஓட்டை.

சியோனே இன்னொரு ஜோடி கொடுத்தார். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். ஊசி தொடவில்லை. கம்பி ஒட்டவில்லை. கடைசிவரை போய்ச் சேர்ந்தேன். மாஸ்க்கைத் தூக்கினால் — நம்புங்கள் — பார்க்க வெல்டிங் மாதிரியே இருந்தது! என் ஆயுளில் முதல் தடவை.

ஆறியதும் சியோனே இடுக்கியால் எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். அடியில் பாகு கருகிப் படிந்தது மாதிரிக் கரகரவென்று கறுப்பு. நடுவில் இரண்டு இடத்தில் உருகவே இல்லை.

"நீயே சொல். என்ன நினைக்கிறாய்?"

பெஞ்சில் ஒரு சாக்பீஸ் கிடந்தது. கை தானாகப் போய் எடுத்தது. இரண்டு இடத்திலும் வட்டம் போட்டேன். அந்த வட்டங்கள் மட்டும் நடுங்காமல் வந்தன.

"ரிஜெக்ட்," என்றேன்.

சியோனே தலையாட்டினார். "உன் கண் நல்ல கண். ஆனால் கண் எங்களிடம் இருக்கிறது, மேட். எனக்குக் கை வேண்டும்." கை குலுக்கினார். பழகிவிட்டு அடுத்த வருஷம் வந்து பார் என்றார். நல்ல மனுஷர். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கோமதியின் ரெஸ்ட் ஹோம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஷிஃப்ட் முடியும்வரை வாசலில் நின்றேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தாள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீப்பு ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வாரினாள்.

வெளியே வந்து ரிசல்ட் கேட்கவில்லை. "பெரிய பெட்டியை எங்க வெச்சோம்?" என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனையோ நாளுக்கப்புறம் நிம்மதியான தூக்கம். தோற்றவன் தோளில் இப்படித் தூங்க முடிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் திருச்சியில் அம்மாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். ஒரே மூச்சில், எல்லாவற்றையும். இன்ஸ்பெக்டர் வேலை இல்லை, கார் இல்லை, லேப் இல்லை, திரும்பி வருகிறோம்.

"மாப்பிள்ளை," என்றார் அத்தை. "மனசைத் தளர விடாதீங்க. ஆனா... வந்துடாதீங்க."

"என்ன அத்தை?"

"உங்களுக்குக் கீழ நாப்பது பேர் வேலை செய்றாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். கடலைப் பார்த்தாப்பல சொந்த மாடி வீடுன்னும் சொல்லிட்டேன். அந்தப் பேச்சுலதான் சின்னவளுக்கு நல்ல இடம் அமைஞ்சிருக்கு. முந்தாநாள்தான் முடிவாச்சு. தை மாசம் கல்யாணம். இப்பப் போய் நீங்க பெட்டியோட வந்து நின்னா..."

"அப்ப கல்யாணத்துக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "லீவு கிடைக்கலைன்னு நான் சொல்லிக்கிறேன் மாப்பிள்ளை. கோமதிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

பக்குவமாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ரிசீவரை நான் வைத்தபோது, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி கல்யாணங்க," என்றாள்.

பிறகு எழுந்து, மறுநாள் ஷிஃப்ட்டுக்கான யூனிஃபார்மை அயர்ன் பண்ணப் போனாள். நான் போய்ச் சுவிட்சைப் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஆகவே வாசகர்களே, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் மாஸ்டரின் கராஜில் பார்க்கலாம். உங்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஊருக்குப் பொய் அனுப்புவதாக இருந்தால் கொஞ்சமாகவே அனுப்புங்கள் — அங்கே அதை வட்டிக்கு விட்டுவிடுகிறார்கள்.