அம்பு ஒட்டும் ஐந்தாம் வகுப்பு

விஜயராணி எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வாரமே ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் இப்படி எழுதிப்போட்டாள்: "டிம்மன் சலுப்பையை லொடுக்கினான். சலுப்பை கிமுறியது. அதனால் டிம்மன் துமுறினான்."

பிள்ளைகள் ஒரே குரலில் கூரை அதிர வாசித்தார்கள். டிம்மன் எதை லொடுக்கினான் என்று கேட்டாள். சலுப்பையை என்றார்கள். அவன் ஏன் துமுறினான் என்று கேட்டாள். சலுப்பை கிமுறியதால் என்றார்கள். ஒருத்தர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. வகுப்புக்கே முழு மதிப்பெண் போடலாம். அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டாளி, சலுப்பை என்றால் என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இசக்கிமுத்து என்ற பையன் எழுந்து, "அது பாடத்துல இல்லீங்க டீச்சர்" என்றான்.

நான் பக்கத்து அறையில் நாலாம் வகுப்பு எடுக்கிறவள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருப்பது பாதிச் சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கே வாழ்த்துச் சொல்லலாம். அந்தப் பிள்ளைகளெல்லாம் போன வருஷம் என்னிடம் இருந்தவர்கள். தடங்கலில்லாமல் வாசிப்பார்கள் என்று நான்தான் ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தேன். வந்ததும் வராததுமாக ஒருத்தி அதில் மண் அள்ளிப் போட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவளிடம் கேட்டேவிட்டேன். அவள் என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்து நக்கிக்கொண்டே, "அக்கா, அதுங்க வாசிக்கறது அருமையா இருக்கு. என்ன வாசிக்கிறோம்னுதான் அதுகளுக்குத் தெரியல" என்றாள். ஊறுகாயையும் கேட்டு எடுக்கவில்லை.

அவளுடைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் செய்ததெல்லாம் வெறும் குறும்பாகத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் வந்த குடும்பம். அம்மா ஒச்சாயி, பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து முடித்த பனியனை மேசையில் விரித்து, புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் விஜயராணி போய் உட்காருவது அந்த மேசைக்கு அடியில்தான். மிச்ச ஸ்டிக்கர் தாள்களெல்லாம் அவளுக்கு. ஒரு தடவை, சம்பந்தமே இல்லாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசரின் முதுகில் ஒரு அம்பை ஒட்டிவிட்டிருக்கிறாள். அவர் அதோடு டீக்கடைவரை போய் வந்திருக்கிறார். ஒச்சாயிக்கு அன்றைக்கு நல்ல டோஸ்.

ஆனால் இதே குறும்புக்காரி பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கோட்டை விட்டாள். பதிலெல்லாம் மனப்பாடம், ராகம் போட்டுச் சொல்லுவாள். அந்த வருஷம் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் தானும் கம்பெனியில் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரை வெட்டிவிட்டுத்தான் மறுபடி எழுதித் தேறினாள். "படிச்சது அத்தனையும் இருந்துச்சுக்கா, ஒண்ணுகூட என்னோடதா இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சலுப்பைக்கு அடுத்த வாரம் அவள் அம்பு ஸ்டிக்கர் தாள்களோடு வந்தாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்குமேல் செக்கிங் அம்மாக்களின் பிள்ளைகள். அம்பைக் காட்டி இது என்ன என்று அவள் கேட்கவே தேவையிருக்கவில்லை. தினமும் ஒரு குட்டிக் கதை எழுதித் தருவாள். அதில் எங்கேயோ ஒரு டேமேஜ் இருக்கும். எழுத்துப் பிழையெல்லாம் இல்லை, நடக்க முடியாத சங்கதி. "மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரங்காத்தாள் துணிகளை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்." எங்கே இடிக்கிறதோ அங்கே அம்பு ஒட்ட வேண்டும். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் புறப்பட்டவர் போகிற வழியில் சோமனூரில் இறங்கி டீ குடித்தார் என்று ஒருநாள் எழுதினாள். கிழக்கே போகிறவர் மேற்கே எதற்குப் போனார் என்று வகுப்பே அவர்மேல் பாய்ந்தது.

கூரை அதிர வாசித்த வகுப்பு அமைதியாகிவிட்டது. எட்டிப் பார்த்தால் தலைகளெல்லாம் குனிந்திருக்கும். திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதி எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்க நான் என் வகுப்பை இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

பழகின கை சும்மா இருக்குமா? அம்பு வகுப்பறையைவிட்டு வெளியே கிளம்பியது. "பூரண ஓய்வில் இருக்கும் பெரியவர் காலை முதல் மாலை வரை பக்தர்களை வரவேற்பார்" என்று சொன்ன கோயில் திருவிழா அழைப்பிதழில் ஒரு அம்பு. "எப்போதும் திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை" என்ற மளிகைக்கடைப் பலகையில் ஒரு அம்பு. அடுத்தது எங்கள் தலைமை ஆசிரியர் ஆத்தப்பன் சாரின் அறிவிப்பு. மாணவர்கள் ஒன்பது மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும் என்றும், வாயில்கதவு ஒன்பதேகாலுக்குத் திறக்கப்படும் என்றும் ஒரே தாளில் எழுதி ஒட்டியிருந்தார். அதில் ஒன்று அல்ல, கொத்தாக அம்புகள்.

ஆத்தப்பன் சார் நல்ல மனுஷன். கோபம் தலைக்கேறினாலும் வாயிலிருந்து 'ங்க' இறங்காது. அன்றைக்கு விஜயராணியை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். "டீச்சருங்க, இது நல்லாயில்லீங்க. அடுத்த வாரம் வட்டாரக் கல்வி ஆபீஸ்ல இருந்து மேடம் வர்றாங்க, புள்ளைங்க படிச்சதைப் புரிஞ்சுக்கறாங்களான்னு பாக்க. அவங்க முன்னாடி ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா அஞ்சாம் வகுப்பை வேல்குமார் சாருக்குக் குடுத்தர்றேனுங்க. நீங்க ஒண்ணாங்கிளாஸ் பாத்துக்குங்க" என்றார்.

வேல்குமார் சார் கேள்வி பதிலை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதில் கெட்டிக்காரர். விஜயராணி அன்று முழுக்க ஊறுகாய்ப் பக்கமே வரவில்லை. நானாக நீட்டியபோது, "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க நான் சொல்ற பொய்யெல்லாம் நம்பிரும்க்கா, அதுகளோட எனக்கு ஒத்துவராது" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "இதுங்க அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்குப் போயிரும். அங்க கேள்வியைத் திருப்பிக் கேப்பாங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வராந்தாவில் பேசியதை வகுப்பே சன்னல் வழியாகக் கேட்டிருந்தது. டீச்சரைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எப்படி என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டியை வெளியாள் வந்து பிரித்துப் பார்க்கும் நாளில் சந்தேகமான பீஸெல்லாம் அடிக்குப் போய்விடும், நல்ல பீஸ் மேலே வந்துவிடும். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகள் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். அந்த மேடம் வரும் நாள் காலையில் வகுப்பையே பேக்கிங் செய்துவிட்டார்கள். இசக்கிமுத்துவும் நன்றாகப் படிப்பவர்களும் முன்பெஞ்சில். திணறுகிறவர்கள் நடுவில். முத்துப்பேச்சி கடைசி மூலையில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால்.

முத்துப்பேச்சியைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, லைன் வீட்டில் இருக்கிறது. விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கும். அது ஒரு வரியைத் தாண்டுவதற்குள் மற்றவர்கள் கதையை முடித்து, மணியடித்து, வீட்டுக்கே போய்விடலாம். என் வகுப்பில் இருந்தபோதும் அப்படித்தான்.

விஜயராணி உள்ளே வந்தாள். ஒரு பார்வைதான், புரிந்துவிட்டது. செக்கிங் மேசைக்கு அடியில் வளர்ந்தவளாயிற்றே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாதிச் சுவருக்கு மேலாக நான் அப்படித்தான் சைகை காட்டினேன். அவளோ நேரே குடத்தருகே போய், முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்பெஞ்சின் நடுவில் உட்கார வைத்தாள். வாசலில் நின்ற ஆத்தப்பன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. இவளே ஒன்றாம் வகுப்புக்கு நடையைக் கட்டுகிறாளே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த மேடம் கையோடு கொண்டுவந்த தாளை எல்லோருக்கும் கொடுத்தார். சின்னக் கதை. "குமரன் கண்விழித்தபோது வெயில் சன்னலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. யாரும் அவனை எழுப்பவில்லை. அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அப்பா கறிக்கடைக்குப் போய் வந்தார். மதியம் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்." படித்து என்ன புரிந்தது என்று சொல்லுங்கள் என்றார்.

மேடத்துக்கு என்ன தெரியும், இந்த வகுப்புக்கு டேமேஜ் இல்லாத கதை பழக்கமே இல்லை என்று? பிள்ளைகள் பையிலிருந்து அம்பை எடுத்து வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சுக்குப் பெஞ்சு அம்பு விழுந்தது, எல்லாம் ஒரே இடத்தில், கடைசி வரியில். மேடம் குழம்பிப்போய் இசக்கிமுத்துவைக் கேட்டார்.

"மத்தியானம் அப்பா ஊட்ல உக்காந்து சாப்புடறாருன்னு போட்டிருக்குதுங்க மேடம். அது நடக்காதுங்க. ரிஜெக்ட்டுங்க" என்றான்.

வகுப்பே ஆமாம் என்றது. ஷிப்டு இருக்குமே, ஓவர்டைம் இருக்குமே என்று ஆளாளுக்கு விளக்கம். மேடம் தன் தாளை வாங்கி மறுபடி பார்த்தார். ஆத்தப்பன் சார் விஜயராணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றாம் வகுப்பு அப்படியே தெரிந்தது. விஜயராணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முத்துப்பேச்சி அப்போதுதான் விரலோடு கடைசி வரிக்கு வந்து சேர்ந்தாள். தன்னிடமிருந்த அம்பைத் தாள்மேல் கொண்டுபோனாள், ஒட்டவில்லை. எழுந்து நின்றாள்.

"இதுல தப்பில்ல. அன்னைக்கி ஞாயித்துக்கெழம" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமைன்னு எங்க போட்டிருக்கும்மா?" என்று மேடம் கேட்டார்.

"போடல. ஆனா தெரியுதுல்லா. அவன யாரும் எழுப்பல. மத்த நாளுன்னா கம்பெனி வேன் வந்துரும்னு எங்கம்மா என்னை இழுத்து எழுப்பிரும். அவன் அம்மா எண்ண தேய்ச்சு குளிப்பாட்டுதா. அப்பா கறி வாங்கப் போறாரு. மூணு பேரும் சேந்து சாப்பிடுதாவ" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "வேற என்னைக்கி சேந்து சாப்பிட முடியும்?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தப் பிள்ளையை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வகுப்பு மறுபடி தாளில் தலை குனிந்தது. மேலிருந்து கீழே ஒரு முறை படித்துவிட்டு, ஒவ்வொருவராக அம்பை உரித்தார்கள். இசக்கிமுத்து கடைசியாகத் தன்னுடையதை உரித்து, "பாஸுங்க மேடம்" என்றான்.

மேடம் போகும்போது, சொல்லாததையும் படிக்கிற வகுப்பு இது என்று ஆத்தப்பன் சாரிடம் சொன்னார். அடுத்த திங்கள்கிழமை இறைவணக்கத்தில் முத்துப்பேச்சிதான் செய்தி வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை வந்தது. ஆத்தப்பன் சார் வெள்ளை வேட்டியில் மைக் முன்னால் நின்று, ஐந்தாம் வகுப்பின் பெருமையை வாய் வலிக்கப் பேசினார். தான் முதல் நாளிலிருந்தே இந்த முறைக்கு ஆதரவு என்றார். "விஜயராணி டீச்சர்கிட்ட இருந்து அஞ்சாம் வகுப்பை மாத்தோணும்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்லீங்க" என்று முடித்தார். நான் இருமிச் சமாளித்தேன். விஜயராணி வானத்தில் காக்கை ஏதாவது போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து முத்துப்பேச்சி வந்தாள். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் செய்தியை வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை, ஐந்தாம் வகுப்பு சிரிக்க விடவுமில்லை. வாசித்து முடித்து மைக்கைச் சரிசெய்வதுபோல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரிசைக்குத் திரும்பினாள்.

நன்றி சொல்ல மறுபடி வந்த ஆத்தப்பன் சார் வாயைத் திறந்தார், மூடினார். மைக்கின் தலையில் ஒரு அம்பு ஸ்டிக்கர். அது நேராக அவர் வாயைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் அம்பைப் பார்த்தார், விஜயராணியைப் பார்த்தார். அவள் இப்போது நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். பிறகு முன்வரிசையில் நின்ற முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

"சரி கண்ணு. நெனச்சேன். ஒரு வாரம் நெனச்சேன்" என்றார் மைக்கிலேயே. "இனி நெனைக்கலீங்க டீச்சர்."

சொல்லிவிட்டு அம்பை உரிக்கப் போனார். முத்துப்பேச்சி வரிசையைவிட்டு வந்து, எக்கி நின்று, அதைத் தானே உரித்தாள்.

"பாஸ் சார்" என்றாள்.