மாயா அரசர்களுக்குக் கிடைத்த ஐந்து நிமிடம்

மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களை யார், எப்படி ஆண்டார்கள் என்று பேச, புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்க்காரரின் சங்கம் ஆண்டு விழாவில் எனக்கு முக்கால் மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தது. மொன்ட்ரியால்-நோர் நூலகத்தில் கிடைத்ததெல்லாம் பிரெஞ்சுப் புத்தகங்கள். குளிர்காலம் முழுக்க மகள்தான் பக்கத்தில் இருந்து வாசித்து விளக்கினாள். "இதை நீங்கள் தமிழில சொல்லேக்கை நான் கேக்கோணும் அப்பா" என்றாள். தமிழ் விழா என்றாலே தலையிடி வருகிற பிள்ளை. அடுத்த கிழமை வேலைக்காக நாட்டின் மறு கரையில் இருக்கிற வன்கூவருக்கே போகிறாள். விழா அன்று நகரத்தின் மறுமுனையில், புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில் அவளுக்குக் கடைசி இரவு வேலை. ஆறு மணிக்கு மண்டபத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

நாலு மணி விழா ஐந்துக்குத் தொடங்கியது. அதுகூடப் பரவாயில்லை. தலைவர் பேசினார். முன்னாள் தலைவர் பேசினார். அவர் பேசினால், பிரிந்துபோன மற்றச் சங்கத்தின் தலைவரும் பேச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குத் தொலைபேசியில் சண்டை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. போர்த்துகிறவருக்கு ஓர் அறிமுகம், வாங்குகிறவருக்கு இன்னோர் அறிமுகம். சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்துவிடுகிற ஊர், அதற்கு இங்கே இரண்டு சங்கம்.

எரிச்சலோடு என் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாயா மக்களுக்கும் ஒரே பேரரசர் இருந்ததில்லை. நகரத்துக்கு ஓர் அரசர், ஒவ்வொருவரும் தெய்வ அம்சம். பெரிய அரசரின் மேற்பார்வையில் சின்ன அரசர் பதவியேற்பார். அதையும் கல்லில் வெட்டிவைப்பார்கள். மழை பொய்த்து, சண்டையும் ஓயாதபோது தெற்கு நகரங்களில் சனம் அரசர்களைக் கைவிட்டு மெல்ல வெளியேறியது. அந்தப் பக்கத்தை வாசித்த அன்று மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "போன சனத்தை ஒருத்தரும் மறிக்கேல்லையோ?" என்று கேட்டாள். மேடையில் சொல்கிறேன் என்றிருந்தேன்.

ஆறு மணிக்குப் பொருளாளருக்குப் பொன்னாடை. மகள் கைப்பையை எடுத்தாள். நான் குனிந்தபடி தலைவரிடம் போனேன்.

"தம்பி, என்னை இப்ப விடுங்கோ. பிள்ளை போகப்போறாள்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. வரிசை மாத்தினால் ஆக்கள் குறை நினைப்பினம்."

அவள் என் தோளைத் தொட்டு, "பேந்து ஒருநாளைக்குச் சொல்லுங்கோ அப்பா" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். கதவுக்குப் போகும்வரை இரண்டு தரம் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பொருளாளர் தன் பள்ளிக்கூடக் காலத்துக்குப் போயிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது.

என்னைக் கூப்பிட்டபோது ஏழரை தாண்டிவிட்டது. சோறு ஆறப்போகிறதாம், ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டுமாம். பேசினேன். பாதிப் பேர் ஏற்கெனவே கையில் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மிச்சப் பேர் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது.

தலைவர் உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார்: "அடுத்த வருசம் உங்களுக்கு முழு மணித்தியாலம் தாறம் அண்ணை."

"ஓம் தம்பி" என்றேன். அடுத்த வருடம் அவள் வன்கூவரில் இருப்பாள் என்பதை அவரிடம் சொல்லி என்ன.