நாலரை விரல் துரு

நாலரை என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். வலது கைச் சுண்டுவிரலில் பாதியை வாலிப வயதிலேயே இரும்பு கடையும் ஒரு லேத்து மிஷின் வாங்கிக்கொண்டது. வேறு யாராவதாக இருந்தால் அந்த மிஷின் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். நம்மாள் அதே மிஷினை விலைக்கு வாங்கி, வீட்டு முன்பக்கத்திலேயே பட்டறை போட்டு, இருபத்திரண்டு வருஷமாக அதைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். விரலைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட உறவு, சும்மா விட்டுவிடுமா? ‘வெறுங்கையால் தொடாதே, வேர்வை பட்டால் துருப்பிடிக்கும்’ என்று சுவரில் பெயிண்டால் எழுதிவைத்து, தொட்டவர்களை வாய்க்கு வந்தபடி ஏசவும் செய்வார்.

பட்டறைத் தரை வெடித்ததில் ஆரம்பித்தது வினை. பெயர்த்துப் புதுக் கான்கிரீட் போட்டால் இறுகப் பத்து நாள் ஆகும், அதுவரை மிஷின் கொல்லையில் வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். அதுவோ அடைமழைக் காலம். பட்டறையில் அவருக்குப் பாதிப் பங்காளி, மனைவியின் தம்பி. அவனுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் புது மிஷின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். பத்து நாள் கழித்துப் பொட்டுத் துரு தெரிந்தாலும் கிழட்டு மிஷினைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று பந்தயம் கட்டினான். நாலரையும் ரோஷம் தாங்காமல் தலையாட்டிவிட்டார். தீர்ப்புச் சொல்ல, இரண்டு பேருக்கும் பொதுவாக அவர் மனைவியை வைத்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் மறந்துபோனார்கள்.

தொழில் தெரிந்தவர், குறை சொல்லக் கூடாது. மண்ணின் ஈரம் ஏறாமல் இருக்க அடியில் தடித்த மரக்கட்டைகள் கொடுத்தார். பளபளவென்று தேய்ந்திருந்த, மிஷினின் நீள இரும்பு முதுகான பெட் முழுக்கக் கிரீஸை அப்பினார். இறுக்கி மூடினால் உள்ளே வேர்க்கும் என்று தார்ப்பாயைக் கூடாரமாகத் தூக்கிக் கட்டி, கீழே காற்றுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டார். கதகதப்புக்கு உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

முதல் மழை இறங்கியதும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த ஒரே கம்பளிப் போர்வை மோட்டார் மேல் போய் உட்கார்ந்தது. அதுவரை அதைப் போர்த்திக்கொண்டிருந்த மனைவி படுக்கை விரிப்புக்கு மாறினாள். வீட்டுக் குடை கியர் பெட்டிக்குப் பிடிக்கப்பட்டது. செருப்புக் கடைக்காரரிடம் கெஞ்சி, ஷூ டப்பாவுக்குள் போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களாக ஒரு பை நிறைய வாங்கிவந்து, மிஷினைச் சுற்றித் தோரணம் கட்டினார். மதில் ஓரமாகத் துணி காயப்போட்டால் ஈரம் இந்தப் பக்கம் வருகிறது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சண்டைக்கே போனார். அந்த அம்மாள் அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறாம் நாள் மனைவி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“தெர்மாமீட்டர் எங்கங்க?”

“மிஷின்ல கட்டியிருக்கேன்.”

“அதுக்குக் காய்ச்சலா?”

“வரக் கூடாதுன்னுதான்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஏன் கேட்டாள் என்று அவருக்கு உறைக்கவில்லை.

அந்தத் தெர்மாமீட்டரையும் அவர் நம்பவில்லை. ஈரத்தைக் கை சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. கிரீஸுக்கு மேலே கை வைத்தால் கைக்கு என்ன தெரியும்? அதனால் பெட்டின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, மணிக்கொரு தரம் தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கி, குனிந்துகூடப் பார்க்காமல் வலது கையை மட்டும் உள்ளே விட்டு, அங்கே அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காய்ந்துதான் இருக்கும். அடுத்த மணிக்கு மறுபடி வழிக்க வேண்டுமே என்று அந்த இடத்தில் கிரீஸைத் திரும்பப் பூசுவதில்லை.

பத்தாம் நாள் வெயில் அடித்தது. மச்சினன் குளித்து முழுகி, புதுச் சட்டையோடு வந்து நின்றான். தார்ப்பாயை எடுத்து, கிரீஸைத் துடைக்கத் துடைக்க, மிஷின் கடையிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியது போல மின்னியது. மச்சினன் முகம் தொங்கிப்போனது. கடைசியாகப் பெட்டின் முன்பக்கத்துக்கு வந்தார்கள். அங்கே செக்கச் செவேலென்று ஒரு கை பதிந்திருந்தது. அத்தனையும் துரு.

நாலரை ஆடித்தீர்த்துவிட்டார். எந்தப் பாவியோ வேண்டுமென்றே தொட்டிருக்கிறான் என்று மச்சினன் கையைப் பிடித்து இழுத்து அச்சின் மேல் வைத்துப் பார்த்தார். அவன் கை அச்சைவிடப் பெரிதாக இருந்தது. சத்தம் கேட்டு மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவையும் கை நீட்டச் சொன்னார். அதற்குள் மனைவி விரிப்பைப் போர்த்திக்கொண்டு மெல்ல வந்து குனிந்து பார்த்தாள்.

“சுண்டுவிரலைப் பாருங்க,” என்றாள்.

பாதிதான் இருந்தது. நாலரை தன் கையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், அப்படியே மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகச் சுவரில் எழுதிவைத்து ஊரையே ஏசிய மனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“துரு துருதானே மாமா,” என்று மச்சினன் காயலான் கடைக்குப் பேசப் போனை எடுத்தான்.

“போனை உள்ள வைடா,” என்றாள் அக்கா. “பந்தயம் மழைக்கும் மிஷினுக்கும்தானே? இதுல மழை ஒண்ணும் பண்ணல, இவர் பண்ணினது. மிஷின் எங்கயும் போகாது.” பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “பத்து நாளா இதுக்கு மணிக்கொரு தடவ கை வெச்சுப் பாத்தீங்க. எனக்கு அஞ்சு நாளாக் காய்ச்சல்.”

நாலரை எழுந்தார். தொழில் பழக்கத்தில் கையை வேஸ்ட் துணியால் மூன்று தரம் துடைத்துக்கொண்டு, அவள் நெற்றியில் வைத்தார். கொதித்தது. அவருக்கு அந்த நிமிஷம் தன்னையே பிடிக்காமல் போனது.

மோட்டார் மேலிருந்த போர்வையை உருவி அவளுக்குப் போர்த்தி உள்ளே அழைத்துப்போனார். டாக்டரிடம் கூட்டிப்போய் வந்து, மருந்து கொடுத்து, குண்டு பல்பைக் கட்டிலுக்கு மேலே மாட்டினார். மச்சினன் தடுத்திராவிட்டால் பொட்டலத் தோரணத்தையும் கட்டியிருப்பார். அதற்கப்புறம் கால் மணிக்கொரு தரம் வந்து, அவள் நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஏழாவது தரம் கிரீஸ் நாற்றமடித்த போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“போதும், கைய எடுங்க. எனக்கும் துருப்பிடிச்சிடப் போகுது.”

அவர் எடுக்கவில்லை. அவளும் தலையை நகர்த்தவில்லை.